சலவைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியது

முதல் வரியை ஒன்பது நாள் தேடினேன்.
சட்டைக்குள் வைக்கும் அட்டையின் பின்பக்கம்,
ரசீதுப் புத்தகத்தின் கார்பன் தாளில்,
குர்லாவில் வண்டி சும்மா நின்ற
பதினோரு நிமிடத்தில்,
கைபேசியின் விரிசல் விழாத மூலையில்.
ஒன்பது நாளும்
வணக்கம் என்று எழுதி
வணக்கத்தை அழித்தேன்.
யாருக்கு வணக்கம்?
செம்பூரில் பாதிப் பேருக்கு
என் பெயர்
ஓ லாண்டரிவாலி.

"தெரிஞ்சத எழுதேன்" என்றாள் ஜெனோவா,
இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணெடுக்காமல்.

எனக்கு என்ன தெரியும்?
மஞ்சள் தெரியும்.
எதற்கும் மசியாது, வெயிலில் போட்டால்
தானாக மனம் மாறும்.
ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்.
வெந்நீர் பட்டால்
துணியைக் கல்யாணம் கட்டிக்கொள்ளும்.
பையில் மறந்த ரயில் டிக்கெட்
துவைத்தபின் எந்த ஊருக்கும் செல்லாது.
கைமடிப்பின் துருவைப் பார்த்தே சொல்வேன்,
இவர் தினமும்
கதவோரக் கம்பியில் தொங்குகிறவர்.
இதையெல்லாம் யார் படிப்பார்
என்றும் தெரியும்.

பத்தாம் நாள்
நானூற்றுப் பதினேழு வந்தது.
வெள்ளைச் சட்டை. இடது தோளில்
உள்ளங்கை அகலத்துக்குக் கண்மை.
கொண்டுவந்தவர் "போகுமா" என்றார்.
யாருடையது என்று கேட்பது
எங்கள் வேலையில் இல்லை.
"பார்க்கிறேன்" என்றேன்.

அன்று இரவு
முக்கால் மணி நேரத்தில் முழுப் பக்கம்.
வணக்கமே இல்லை.
நேராகத் தோளில் தொடங்கியது.

கண்ணாடியில், விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில்
பழுப்பு டேப்பால் ஒட்டினேன்.
லகானி சேட் வெளியே போய் நின்று பார்த்தார்.
தமிழ் அவருக்குச் சுருள் சுருளாக ஜிலேபி.
"ஆஃபரா?"
"ஆமாம் சேட்."
"எத்தனை பர்சென்ட்?"

முதல் நாள் யாரும் நிற்கவில்லை.
இரண்டாம் நாள் ஒரு பெண்
அசையாமல் நின்றாள், வெகுநேரம்.
கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டு போனாள்.
மூன்றாம் நாள் டேப்பின் ஒரு முனை
பிரிந்தது. ஒட்டினேன்.
யாருக்காக என்று
கையைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை
நானூற்றுப் பதினேழு வந்தார்.
ரசீதை நீட்டவில்லை.
கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டார்.
உதடு அசைந்தது. தமிழ்!
கேட்காமல் அவர் தோளை எழுதியிருந்தேன்.
காது சுட்டது, இஸ்திரியாக.
கடைசி வரை போய்
மறுபடி மேலே ஏறினார்.
உள்ளே வந்தார்.
"பேனா இருக்கா?"

புகார் எழுதப் போகிறார் என்று
நல்ல பேனாவாகக் கொடுத்தேன்.

"சட்டையில இருக்கிற கறைக்குப்
பெரிய ற போடணும்.
நீங்க போட்டிருக்கறது கடற்கரை."

பன்னிரண்டு இடத்தில்.
நாலாவது வரைதான் எனக்குத் தமிழ்ப் பள்ளி.
பிறகு மராட்டி.
மராட்டிக்கு ஒரே ஒரு ர போதும்.

அவர் காட்டக் காட்டப் படித்தேன்,
வேறு யாரோ எழுதியதுபோல.

இடது தோளில் ஒரு கரை.
கண்மைக் கரை லேசில் போகாது.
சோப்பில் கரை கரையவில்லை.
கரை எவ்வளவு பழையதோ அவ்வளவு ஆழம்.
எந்தக் கரையையும் முதலில்
தண்ணீர்தான் தொட வேண்டும்.

பதினொன்றைத் திருத்தினார்.
தோளில் இருந்ததன்மேல்
பேனாவைக் கொஞ்சம் பிடித்திருந்துவிட்டு
மூடினார்.
"இது இருக்கட்டும்."

சட்டையைப் பிரித்துக் காட்டினேன்.
வெள்ளை. சுத்த வெள்ளை.
இடது தோளை விரலால் தடவினார்,
மறுபடியும் தடவினார்.
காசு கொடுத்தார். சில்லறை
வாங்க மறந்தார்.

சேட் கல்லாவிலிருந்து கேட்டார்,
"ஆஃபர் முடிஞ்சதா?"
"இல்ல சேட்," என்றேன்.
"அடுத்த வியாழன் மஞ்சள்."